பெருந்தொற்றுக் காலத்தில் நாய்க்கு வைத்தியம்: எதற்குக் கிளம்ப வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்

கேள்வி இதுதான்: கோவிட் காலத்தைப்போலப் பெருந்தொற்று வந்து ஊரடங்கு போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவமனை பாதி நேரம் மூடியிருக்கிறது, திறந்திருந்தாலும் நம்மை உள்ளே விடுவதில்லை, போனும் எளிதில் கிடைப்பதில்லை. இந்த நிலையில் நாய்க்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது? எது அவசரம், எது காத்திருக்கும்? வீட்டில் நமக்கே தொற்று என்றால் நாயை யார் கொண்டுபோவது? தடுப்பூசித் தேதி தாண்டிவிட்டால் முதலிலிருந்து போட வேண்டுமா?

முதலில் ஒரு பயத்தை ஓரங்கட்டிவிடுவோம். 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில், தொற்று வந்த ஒருவர் வீட்டுப் பொமரேனியன் நாய்க்குக் கோவிட் பரிசோதனையில் லேசான பாசிட்டிவ் வந்தது. நாயிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. பிறகு தெரிந்தது என்னவென்றால், வைரஸ் போவது மனிதரிடமிருந்து நாய்க்கு. அங்கே போயும் அது சரியாகப் பெருகுவதில்லை. பூனை அளவுக்குக்கூட நாய் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. மனிதரிடையே கோவிட் பரவியதில் நாய்க்குக் குறிப்பிடத்தக்க பங்கு எதுவும் கிடையாது. இன்னொன்று: நாய்களுக்கான ‘கொரோனா தடுப்பூசி’ என்று ஒன்று பல காலமாகவே இருக்கிறது. அது நாயின் குடலைத் தாக்கும் வேறொரு கொரோனா வைரஸுக்கானது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

நாய்களுக்குக் கோவிட் காலத்தில் வந்த கேடு பெரும்பாலும் தாமதத்தால் வந்தது. மருத்துவம் முழுக்க நின்றுபோகவில்லை. 2020 மார்ச்சிலேயே உலக விலங்கு சுகாதார அமைப்பும் உலகக் கால்நடை மருத்துவர் சங்கமும் சேர்ந்து, கால்நடை மருத்துவத்தை அத்தியாவசியப் பணியாக வைத்திருக்கும்படி அறிக்கை விட்டன. குறைந்துபோனது ஆள்பலமும் நேரமும். ஒருவருக்குத் தொற்று வந்தால் எல்லோரும் தனிமைப்பட வேண்டிவரும் என்பதால், பல கிளினிக்குகள் ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஒன்றையொன்று சந்திக்காமல் வேலை வாங்கின. விவரம் கேட்பது போனில், நாயை வாங்குவது வாசலில், சோதித்துவிட்டு மறுபடி போன், ஒவ்வொரு நாய்க்கும் பிறகு மேசையைத் துடைப்பது என்று 15 நிமிட வேலை முக்கால் மணி நேரமாக நீண்டது. முகக்கவசம், கையுறை, ஆக்ஸிஜன், மயக்க மருந்து எல்லாவற்றிலும் மனிதர்களுக்கான மருத்துவமனைகளுக்கு முன்னுரிமை போனது. எனவே கிளினிக்கில் நாயை யார் முதலில் பார்ப்பது என்பது வரிசைப்படி இல்லை, நோயின் அவசரப்படி. அந்த அவசரத்தைப் போனில் எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. சரியாகச் சொல்லத் தெரிந்தவரின் நாய்க்குக் கதவு சீக்கிரம் திறக்கும். அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் நடைமுறை அதுதான்.

நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல் நுரை மட்டும் வழிந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நெஞ்சு ஆழமான பெரிய ஜாதி நாய்களுக்கு இது அதிகம். மணிக்கணக்கில் உயிர் போகும் விஷயம், வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும், 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தாலும் அவசரம். மூச்சுவிடத் திணறுவது, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருப்பது, மயங்கி விழுவது, சிறுநீர் கழிக்க முக்கியும் சொட்டுகூட வராமல் இருப்பது, பின்கால்கள் திடீரென இழுத்துக்கொள்வது, வெயிலில் மூச்சிரைத்துத் தள்ளாடுவது, விஷப்பொருள் எதையாவது தின்றது, வண்டி மோதியது ஆகியவையும் இதில் சேரும். வண்டி மோதிய நாய் எழுந்து நடக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உள்ளே கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும்.

குட்டி போடும் நாய்க்குத் தனிக் கணக்கு. பலமாக முக்க ஆரம்பித்து 20-30 நிமிடம் ஆகியும் குட்டி வரவில்லை, அல்லது உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 2 மணி நேரம் தாண்டிவிட்டது, அல்லது முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சைத் திரவம் வந்துவிட்டது என்றால் போனை எடுத்துக்கொண்டே வண்டியையும் எடுக்க வேண்டும். முதல் குட்டிக்குப் பிறகு பச்சைநிறம் வருவது இயல்பு.

கருத்தடை அறுவையைத் தள்ளிப்போட்ட பெட்டை நாய்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெருந்தொற்றில் முதலில் நிறுத்தப்பட்டவற்றில் இந்த அறுவையும் ஒன்று, அதில் தவறும் இல்லை. ஆனால் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து சில வாரங்களில் நாய் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கினால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பிறப்புறுப்பில் சீழ் வடிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டால் வெளியே எதுவும் தெரியாது, அதுதான் அதிக ஆபத்து. “இப்போது கருத்தடை செய்வதில்லை” என்று சொல்லும் கிளினிக்கும் இதை அவசர அறுவையாக எடுத்துக்கொள்ளும். போனில் ‘கருத்தடை’ என்று ஆரம்பிக்காமல், “பருவம் முடிந்து இத்தனை வாரம், தண்ணீர் அதிகம் குடிக்கிறாள், சாப்பிடவில்லை” என்று ஆரம்பியுங்கள்.

இப்போது அளவுகள். போனில் “டல்லா இருக்கான் டாக்டர்” என்பதைவிட நான்கு எண்கள் ஆயிரம் மடங்கு பயன்படும். நாய் நன்றாக இருக்கும்போதே எடுத்துப் பழகி, அதன் வழக்கமான கணக்கை எழுதிவைத்தால்தான் நோய் வந்தபோது ஒப்பிட முடியும்.

மூச்சு: நாய் அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் நாய்க்கு இது 30-ஐத் தாண்டி, ஒரு மணி நேரம் கழித்து எண்ணியும் இறங்கவில்லை என்றால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே பேச வேண்டும். கனவில் கால் உதைக்கும்போது எண்ணக்கூடாது, அப்போது எல்லா நாய்க்கும் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஈறு: உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு தொட்டால் வழவழவென்று இருக்க வேண்டும். பசைபோல ஒட்டினால் உடம்பில் நீர் குறைகிறது. சில நாய்களுக்கு ஈறே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் விளக்கில் எல்லா ஈறும் வெளுத்ததாகவோ மஞ்சளாகவோதான் தெரியும், ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

வெப்பம்: மலவாயில்தான் அளக்க வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி, 2 செ.மீ. அளவுக்கு உள்ளே விட்டு, சத்தம் வரும்வரை வாலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. நம் கணக்கில் காய்ச்சலாகத் தோன்றும் 39 நாய்க்குக் காய்ச்சல் இல்லை. 40-க்கு மேல் என்றால் அன்றே பேச வேண்டும். 41 என்றால் நனைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். மூக்கு காய்ந்திருக்கிறது, காது சுடுகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. பெருந்தொற்றுக் காலத்தில் வாசலுக்கு வாசல் வந்த, நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர் ரோமத்தின் மேல் வேலை செய்யாது.

எடை: முதலில் நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருந்துகள் கிலோக் கணக்கில்தான். பார்க்காமல் மருந்து எழுதும் டாக்டருக்கு இந்த ஒரு எண் இல்லாவிட்டால் கை ஓடாது.

தொலைபேசி, வீடியோ வழி வைத்தியத்துக்கு வருவோம். வழக்கமாக, நாயை நேரில் பார்த்திராத மருத்துவர் மருந்து எழுதக்கூடாது என்று பல நாடுகளில் விதி உண்டு. 2020 மார்ச்சில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அமெரிக்காவில் மத்திய மருந்துத் துறை தளர்த்தினாலும் மாநில விதிகள் தனியாக இருந்தன. ஆகவே உங்கள் பகுதியில் எது செல்லும் என்பதைக் கிளினிக்கிடமே கேட்க வேண்டும். பொதுவாக, கடந்த ஓராண்டில் நாயை நேரில் பார்த்த மருத்துவரிடமே கேட்பது வேலையைச் சுலபமாக்கும். அவரிடம் பழைய ரத்தப் பரிசோதனை இருக்கும், எடை இருக்கும், கடித்தால் எப்படிக் கடிக்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

நேரலை வீடியோவைவிட, முன்கூட்டியே எடுத்து அனுப்பிய வீடியோ பல மடங்கு மேல். நேரலையில் நாய் போனை நக்கும், அல்லது மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நொண்டினால் சமதளத்தில் கயிற்றில் பிடித்து இன்னொருவர் நடத்த, நீங்கள் போனை நாயின் உயரத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் ஒரு முறை, உங்களை நோக்கி வரும்போது ஒரு முறை, விலகிப் போகும்போது ஒரு முறை, ஒவ்வொன்றும் 15-20 நொடி எடுங்கள். இருமல், வலிப்பு, மூக்கை உள்ளிழுத்துக் குறட்டைபோல் சத்தம் போடுவது எல்லாம் டாக்டர் பார்க்கும் நேரத்தில் வராது. வரும்போதே பிடித்துவிட வேண்டும். தோல் புண்ணுக்கு இரண்டு போட்டோ: தூரத்திலிருந்து, உடலில் எந்த இடம் என்று தெரிய ஒன்று, ரோமத்தை விலக்கி, பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்து இன்னொன்று. மருந்து ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். ஒரே பெயரில் 5 மி.கி. உண்டு, 20 மி.கி. உண்டு.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குச் சாதாரண அழைப்பே போதும், நிஜமாகவே போதும். எதிர்முனையில் கேட்கப்போவது இவைதான்: வயது, எடை, ஆணா பெண்ணா, கருத்தடை ஆனதா, எப்போது தொடங்கியது, கடைசியாகச் சாப்பிட்டது, தண்ணீர் குடித்தது, சிறுநீர் கழித்தது, மலம் போனது எப்போது, என்ன மருந்து ஓடுகிறது, மூச்சும் ஈறும் எப்படி இருக்கின்றன. இதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிவு கிடைக்கும்.

எது போனில் முடியும், எது முடியாது? உணவு, எடை, நடத்தைச் சிக்கல், லேசான வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு, அறுவைக்குப் பின் தையலைப் பார்ப்பது, நெடுநாள் மருந்தைத் தொடர்வது ஆகியவை போனிலேயே முடியும். கண்ணும் காதும் முடியாது. காரணம் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கண் சிவந்து, நாய் கண்ணைச் சுருக்கினால் கருவிழியில் கீறல் இருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், அந்தக் கீறல் ஆறாமல் ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகும். மேலோட்டமாகப் பார்த்தால் கீறலால் வந்த சிவப்பும் சாதாரணச் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்; சாயம் விட்டுப் பார்த்தால்தான் கீறல் தெரியும், அதற்கு நேரில் போக வேண்டும். காதும் அப்படியே: செவிப்பறை கிழிந்திருந்தால், சில சொட்டு மருந்துகள் உள்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுக்கும். போன வருடத்துப் பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிக அதிகமாக வரும் அழைப்பு. வளர்ந்த நாய், ஒன்றிரண்டு முறை வாந்தி, ஆனால் வாலாட்டுகிறது, தண்ணீர் உள்ளே தங்குகிறது என்றால் சில மணி நேரம் உணவை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பிறகு கொழுப்பில்லாத வேகவைத்த இறைச்சியும் குழைந்த சோறும் சிறு உருண்டைகளாக நான்கைந்து வேளை கொடுத்துப் பார்க்கலாம். ஒரு நாளில் அடங்காவிட்டாலோ, ரத்தம் கண்டாலோ, சோர்ந்து படுத்தாலோ பேச வேண்டும். குட்டிகளையும் மிகச் சிறிய ஜாதி நாய்களையும் பட்டினி போடக்கூடாது. ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியோடு ரத்தக் கழிச்சல் என்றால் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் வைரஸ் நோய்) என்று வைத்துக்கொண்டு அந்த மணி நேரமே கிளம்ப வேண்டும். கிளினிக் வாசலில் குட்டியைத் தரையில் விடாமல், வண்டியிலிருந்தே “பார்வோ சந்தேகம்” என்று சொல்லுங்கள்.

பார்வோ பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். கோவிட் பழக்கத்தில் எல்லோரும் சானிடைசரை நம்பப் பழகிவிட்டோம். ஆல்கஹால் சானிடைசர் கொரோனாவின் கொழுப்பு உறையைக் கரைத்து அதைக் கொல்லும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது, சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. செருப்பிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்கு வேண்டியது பிளீச்: முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, வீட்டு உபயோகப் பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டுப் பிறகு அலச வேண்டும். இது தரைக்கு மட்டும். நாயின் பாதத்தைப் பிளீச்சாலோ கிருமிநாசினியாலோ துடைத்தால் தோல் வெந்துபோகும், நக்கினால் நாக்கும் புண்ணாகும். வெளியே போய்வந்த நாய்க்குச் சோப்புத் தண்ணீரும் துண்டும் போதும். நாய்க்கு முகக்கவசம் மாட்டவே கூடாது. அது உடம்புச் சூட்டை வெளியேற்றுவது வாய்வழியாகத்தான்.

வாசலில் நாயை ஒப்படைக்கும் முறையில் நோயைவிடப் பெரிய விபத்து, நாய் தப்பி ஓடுவது. பயந்த நாய், புதிய ஆள், முகக்கவசம், தொளதொளவென்ற கழுத்துப்பட்டை. பின்னால் நகர்ந்து ஒரு உதறு உதறினால் தலை வெளியே வந்துவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். வண்டிக் கதவைத் திறப்பதற்கு முன்பே கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும், கதவைத் திறந்த பிறகு தேடக்கூடாது. கிளினிக்காரர் தங்கள் சுருக்குக் கயிற்றைப் போட்டு இறுக்கிய பிறகுதான் நீங்கள் உங்களுடையதைக் கழற்ற வேண்டும். இரண்டு கயிறும் ஒருசேர இருக்கும் அந்த ஐந்து நொடிதான் பாதுகாப்பு. கடிக்கும் பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். வாய்க்கூட்டை நீங்களே மாட்டிக் கொடுப்பது நல்லது, உங்களிடம் அது முரண்டு பிடிக்காது. மூச்சிரைக்காமல் வாயைத் திறந்து நாக்கை நீட்ட இடமுள்ள கூடைபோன்ற வாய்க்கூடாக இருக்கட்டும். வீட்டிலேயே அதற்குள் தின்பண்டம் வைத்து ஒரு வாரம் பழக்கினால் போதும்.

ஒப்படைத்த பிறகு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். டாக்டர் சோதித்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கலாமா, ரத்தம் பார்க்கலாமா என்று கேட்க உங்களைக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் நீங்கள் வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் நாய் கூண்டில் கிடக்கும், பின்னால் உள்ளவர்களும் காத்திருப்பார்கள். எவ்வளவு வரை செலவு செய்ய முடியும் என்பதையும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடலாம். ஒரே நோய்க்குப் பரிசோதனைகள் அடுக்கி வைத்தியம் செய்வதும் உண்டு, அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுத்து இரண்டு நாள் கவனிப்பதும் உண்டு. இரண்டாவது வழி மட்டமான வைத்தியம் இல்லை. கையில் உள்ளதைச் சொன்னால் டாக்டர் அதற்குள் திட்டம் போடுவார். சொல்லாவிட்டால் தொகையைக் கேட்டதும் நாயைத் தூக்கிக்கொண்டு திரும்புவதில்தான் முடியும்.

கருணைக்கொலைக்குப் போக நேர்ந்தால், நாயோடு ஒருவராவது இருக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கதவை மூடிய கிளினிக்குகள் பலவற்றிலும் இதற்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருந்தார்கள். நரம்பில் ஊசி போட்டு நீளமான குழாயை இணைத்துவிட்டால், டாக்டர் தள்ளி நின்றே மருந்தைச் செலுத்த முடியும். நீங்கள் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

நெடுநாள் மருந்துகளில் கோட்டைவிடக் கூடாது. வலிப்புக்கான பீனோபார்பிட்டோனைத் திடீரென நிறுத்தினால், நிறுத்தியதாலேயே வலிப்பு வரும். பல வாரம் கொடுத்த ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் சட்டென்று நிறுத்தக்கூடாத மருந்து. அதைப்போன்ற ஹார்மோனை உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும். 30 நாள் மருந்து கையில் இருக்கட்டும், 10 நாள் மிச்சமிருக்கும்போதே அடுத்ததைக் கேளுங்கள். உணவு இரண்டு வாரத்துக்கு இருந்தால் போதும். சிறப்பு உணவு சாப்பிடும் நாய் என்றால் மாற்று என்ன என்பதையும் டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயுள்ள நாய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். நாய்களுக்கான இன்சுலின் சில, ஒரு மி.லி.-யில் 40 யூனிட் உள்ள யூ-40 வகை. மனிதர்களுக்கானவை பல நாடுகளில் பெரும்பாலும் 100 யூனிட் உள்ள யூ-100; இந்தியாவில் யூ-40-உம் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்பத் தனித்தனி. ஊரடங்கில் வழக்கமான கடை மூடியிருந்து, பக்கத்து மருந்துக்கடையில் “இன்சுலின் சிரிஞ்சு” என்று கேட்டால் யூ-100 சிரிஞ்சு வரலாம். டாக்டர் சொன்னது 10 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.1 மி.லி., அதாவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். தலைகீழாக, யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் போவது 0.25 மி.லி., அதாவது 25 யூனிட். இது உயிரைக் குடிக்கும். மருந்தோ சிரிஞ்சோ மாறினால் முதல் ஊசிக்கு முன் டாக்டரிடம் இரண்டின் படத்தையும் அனுப்பிக் கேளுங்கள். நாய் சாப்பிடாத நாளில் கேட்காமல் முழு அளவு போடாதீர்கள். தள்ளாடினாலோ உடம்பு நடுங்கினாலோ தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே கிளம்புங்கள்.

தொற்று வந்த வீட்டு மேசையே நாய்க்கு ஆபத்து. வலிக்காகவும் காய்ச்சலுக்காகவும் வாங்கிவைத்த இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் டாக்டர் அளவு சொல்லாமல் கூடாது. சர்க்கரையில்லாத மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் உள்ள சைலிட்டால், அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளும். ‘எதிர்ப்புச் சக்திக்கு’ என்று வாங்கிய துத்தநாக மாத்திரையும் நஞ்சுதான். வைட்டமின் டி-யைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்: வாரம் ஒன்று விழுங்கும் 60,000 யூனிட் மாத்திரை ஒன்றை 10 கிலோ நாய் தின்றால் கிலோவுக்கு 6,000 யூனிட் ஆகிறது. கிலோவுக்கு 4,000 யூனிட் அளவிலேயே நஞ்சின் அறிகுறிகள் வரலாம். முதல் நாள் நாய் ஒன்றும் நடக்காததுபோல விளையாடும், அதை நம்பி இருந்துவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாள் சிறுநீரகம் படுத்துவிடும். கைக்குத் தடவிக் காய்ந்த சானிடைசரை நக்கினால் பயமில்லை. பாட்டிலைக் கடித்துக் குடித்தால் அவசரம். எதைத் தின்றாலும் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்பே கொல்லும். வாந்தி எடுக்கவைக்கலாமா என்பது பொருளையும் நேரத்தையும் பொறுத்தது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போனில் கேளுங்கள்.

தடுப்பூசிக்கு வருவோம். எல்லா நாய்க்கும் ஒரே பதில் இல்லை. குட்டிகளுக்கு 6-8 வாரத்தில் தொடங்கி, 2-4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும்வரை போடுவது வழக்கம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை அது விழுங்கிவிடும். எப்போது தீரும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் வேறுபடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம், அதனால்தான் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடும் ஊசி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கிளினிக் ஒரே ஒரு முறைதான் நேரம் தர முடியும் என்றால் அந்த ஊசிக்கு வாங்குங்கள். அதுவரை பிற நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்காதீர்கள். ஆனால் வீட்டிலேயே பூட்டியும் வைக்காதீர்கள்: 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், குடை, முகக்கவசம் போட்ட முகங்கள் எல்லாம் காட்டலாம்.

வளர்ந்த நாய்க்கு, முறையாகப் போட்டு வந்திருந்தால், பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களின் மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்) ஊசியின் பாதுகாப்பு பொதுவாக 3 ஆண்டுக்குக் குறையாது. சில மாதத் தாமதத்தால் ஒன்றும் குடிமுழுகாது, முதலிலிருந்தும் தொடங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் ஊசி அப்படியில்லை, ஓராண்டுக்கு மேல் அதை நம்ப முடியாது. பல மாதம் தள்ளிப்போனால் 2-4 வார இடைவெளியில் இரண்டு ஊசியும் மறுபடி போட வேண்டியிருக்கும். வெறிநோய் ஊசியைத் தள்ளிப்போடும் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது ஊசி இருந்தால்தான் அந்த நோய் அடங்கும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. முகாம்கள் நின்றுபோகும் காலத்தில் அந்தச் சதவீதம் சத்தமில்லாமல் இறங்கும். நாய் கடித்துவிட்டால், ஊரடங்கோ எதுவோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மனிதர்களுக்கான மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

வீட்டில் தொற்று இருந்தால் அதைக் கிளினிக்கிடம் மறைக்காதீர்கள். “சொன்னால் பார்க்கமாட்டார்கள்” என்று நினைத்து மறைப்பவர்கள் உண்டு. சொன்னால் கடைசி நேரத்தில் வரச் சொல்வார்கள், பின்கதவால் வாங்குவார்கள், கூடுதல் கையுறை போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்து ஓர் ஊழியருக்கு ஒட்டினால் அந்தக் கிளினிக்கே மூடிக்கிடக்க நேரலாம். நாயைத் தொற்றில்லாத ஒருவர் கொண்டுபோகட்டும். வாசலில் கட்டிவைத்த நாயை, வேறொரு கயிறு கொண்டுவந்து அவர் அழைத்துப் போகலாம். நாயைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை, தொட்ட கையைக் கழுவினால் போதும். அவர் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும்: நாயின் பெயர், வயது, எடை, நோயின் விவரம், ஓடும் மருந்துகள், ஒவ்வாமை, வைத்தியத்துக்குச் சம்மதிக்கிறேன் என்ற வரி, எந்தத் தொகைவரை கேட்காமல் செலவு செய்யலாம் என்ற வரி, உங்கள் கையெழுத்து, போன் எண். தனியாக இருப்பவர்கள் இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதி, உணவு அளவையும் சேர்த்து, சாவி இருக்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது எழுத நேரம் இருக்காது.

கட்டுப்பாடு தளர்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்பார்கள். அப்போது கேட்க வேண்டிய வரிசை: ஊசி முடியாத குட்டிகள், வெறிநோய் ஊசி, இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய்க்கான ரத்தப் பரிசோதனை, பிறகு கருத்தடை, அதற்குப் பிறகு பல் சுத்தம். போகும்போது முதலில் எடைமேடையில் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் வீட்டிலேயே சுற்றிக் கொழுத்த நாய்க்குப் பழைய எடைக்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தும் குடற்புழு மாத்திரையும் அளவு பற்றாமல் போயிருக்கும்.